பேரிங் இல்லாத கால்கள்

கோவையில் பம்ப்செட் தொழிலில் இருப்பவர்களுக்கு மணல் என்றாலே ஓர் எரிச்சல் உண்டு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். போர்வெல்லில் இருந்து மேலே ஏற்றிய பம்பைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான்: புஷ் தேய்ந்திருக்கும், ஷாஃப்டில் வரிவரியாகக் கீறல் விழுந்திருக்கும், இம்பெல்லரின் ஓரங்கள் மெலிந்து போயிருக்கும். சுழல வேண்டிய எதற்கும் மயிரிழை அளவாவது இடைவெளி தேவை. இடைவெளி என்று ஒன்று இருந்தால் மணல் அங்கே குடியேறிவிடும். ஆயில் சீல், சேண்ட் கார்டு என்று என்னென்னவோ போட்டுப் பார்க்கிறோம். தள்ளிப்போட முடிகிறதே தவிர, நிறுத்த முடிவதில்லை.

அதனால்தான், கரடுமுரடான தரையில் ஓடும் ஓரிகாமி ரோபோக்களை, அதாவது காகிதம் மடிக்கும் கலையைப் போலத் தட்டைத் தாளிலிருந்து மடித்துச் செய்யும் ரோபோக்களைப் பற்றி முதலில் படித்தபோது மற்றவர்கள் வியந்த இடத்தில் எனக்கு வியப்பு வரவில்லை. பத்திரிகைகளுக்கு ஓரிகாமி என்றால் ஒரு காகிதக் கொக்குப் படம் போட்டே ஆக வேண்டும். தட்டையாக இருந்தது தானே எழுந்து நிற்கிறது, அடடா, என்று முடித்துவிடுவார்கள். என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறு. அந்த ரோபோக்களின் கால் மூட்டுகளில் பேரிங் இல்லை. புஷ் இல்லை, பின் இல்லை, கிரீஸ் இல்லை. மணல் புக இடமே இல்லை.

மூட்டு இருக்கும் விதம் ரொம்ப எளிது. இரண்டு விறைப்பான துண்டுகள். அவற்றை இணைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள். துண்டுகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ வெறும் தாள் மட்டும் தெரியும். அந்த இடம் வளையும், மற்ற இடம் வளையாது. அவ்வளவுதான் மூட்டு. ஒன்றின் மேல் ஒன்று உரசும் பரப்பே இல்லாததால் தேய்மானம் என்ற பேச்சு எழுவதில்லை. தாள் களைத்துக் கிழியலாம், அது வேறு கணக்கு. பேரிங் போல முழுச்சுற்று சுற்றவும் முடியாது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். ஆகவே இது சக்கரத்தைவிடக் காலுக்குப் பொருந்தும் மூட்டு.

உருவம் சிறிதாகச் சிறிதாக இதன் மதிப்பு கூடுகிறது. ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பாதியாக்கினால் எடை எட்டில் ஒரு பங்காகிவிடும், பரப்பு நான்கில் ஒரு பங்காகத்தான் குறையும். பரப்பைப் பிடித்துத் தொங்கும் தொல்லைகளான உராய்வும் ஒட்டலும் சின்ன உலகில் பெரிய ஆளாகிவிடுகின்றன. கட்டைவிரல் அளவுள்ள ரோபோவுக்கு பேரிங் போட்டால் மோட்டாரின் பலத்தில் பெரும் பங்கை அந்த பேரிங்கே தின்றுவிடும். அங்கே மடிப்புதான் லாபம்.

இதைத் தொழிலாகவே செய்தவர்கள் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ஃபியரிங் நடத்திய ஆய்வகத்தினர். பூச்சியளவு பறக்கும் எந்திரம் செய்யும் முயற்சியில் கார்பன் ஃபைபரையும் பாலியெஸ்டர் தாளையும் லேசரால் வெட்டி, அடுக்கி, ஒட்டி, மடிக்கும் முறையை முதலில் பழகினார்கள். கார்பன் ஃபைபர் விலை அதிகம், வேலையும் மெதுவு. 2008 வாக்கில் அதே முறையைச் சாதாரண அட்டையில் செய்து பார்த்தார்கள். அட்டை, பிளாஸ்டிக் தாள், சூட்டில் ஒட்டும் பசை. பெரிதாக்கினால் மலிவு, அன்றைக்கே வரைந்து அன்றைக்கே ஓட்டிப் பார்க்கலாம்.

இந்த இடத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூட்டில் ஒட்டும் பசையோடு பிளாஸ்டிக் தாள் என்றால் நம் ஊர் ஜெராக்ஸ் கடை லேமினேஷன்தானே? கெட்டியான கல்யாணப் பத்திரிகைகள் வீட்டில் எப்போதும் இருக்கும். ஒன்றை எடுத்து, மடிய வேண்டிய இடங்களில் கத்தியால் மெல்லிய பட்டையாக அட்டையை வெட்டி எடுத்தேன். துண்டுகள் கலைந்துவிடாமல் இருக்க ஓரங்களில் சின்னப் பாலங்கள் விட வேண்டும். ஒட்டி முடித்தபின் அவற்றை நறுக்கிவிடலாம். கடைக்கு எடுத்துப் போனேன்.

"என்னங்க சார், பத்திரிகைய வெட்டிப்போட்டு லேமினேட் பண்றீங்க?" என்றார் கடைக்காரர்.

"ரோபோ கால்" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

மெஷினில் இருந்து வெளியே வந்தது நிஜமாகவே நன்றாக வேலை செய்தது. அட்டை இல்லாத பட்டையில் மேல் தாளும் கீழ் தாளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூட்டு நடுத்தளத்திலேயே விழுகிறது. இடைவெளி ரொம்பக் குறைவாக இருந்தால் தாள்கள் சரியாகச் சேராமல் மூட்டு முரண்டு பிடிக்கும். அதிகமாக விட்டால் மடிவதோடு முறுக்கவும் செய்யும். கால் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். நாலு அட்டைத் துண்டுகளை இப்படிச் சேர்த்து நாற்கரமாக ஒட்டினால் பொறியியல் முதலாண்டில் படித்த நாலு-கம்பி இணைப்பு கைக்குள் வந்துவிடுகிறது. ஒரு மூலையை மேலும் கீழும் அசைத்தால் எதிர்மூலை தன் பாதையில் போய் வருகிறது. துளி ஆட்டம் கிடையாது. தொழிற்சாலையில் அந்த மாதிரி ஆட்டமில்லாத மூட்டு வேண்டுமென்றால் ரீமர் போட்டு, பின் அழுத்தி, அளந்து பார்த்து எவ்வளவு பாடு! பத்திரிகை அட்டைக்கு ஒரே எதிரி ஈரம். மழை நாளில் வெளியே வைத்தால் வெட்டிய ஓரங்கள் வழியாகத் தண்ணீர் குடித்து உப்பிவிடும்.

பெர்க்லியின் அட்டை ரோபோக்களில் பெயர் வாங்கியது 2009-இல் வந்த டேஷ். 10 சென்டிமீட்டர் நீளம், எடை 16 கிராம் சொச்சம், ஆறு கால்கள். ஆறுக்கும் சேர்த்து ஓடவைக்கும் மோட்டார் ஒன்றே ஒன்று. மோட்டார் சுற்றுவதை மடிப்புகளின் வலை வாங்கி ஆறு கால்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடும். நொடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடியது. தன் உடல் நீளத்தைப் போல் 15 மடங்கு. 28 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டார்கள், விழுந்து எழுந்து ஓடியது. இதில் மாயமில்லை. அவ்வளவு லேசான உடலைக் காற்றே தாங்கிப் பிடிக்கிறது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தைத் தாண்டாது. மோதும்போது அட்டை வளைந்து கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. கரடுமுரடான தரையில் எந்திரத்தைப் பாதுகாப்பதற்கு நாங்கள் அறிந்த வழி கனமாகச் செய்வது. இவர்கள் அதை நேர் எதிராகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அந்தக் குழுவில் சிலர் பிறகு கமிகாமி என்ற பெயரில், தட்டைத் தாளாக வாங்கி வீட்டில் மடித்து ஓடவிடும் பொம்மை ரோபோவாகவே இதை விற்றார்கள்.

அதே பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபுல் என்ற உயிரியலாளரும் அவருடைய மாணவர் கௌசிக் ஜெயராமும் கரப்பான்பூச்சியைப் பிடித்துக்கொண்டார்கள். ஓடும்போது 12 மில்லிமீட்டர் உயரமுள்ள அமெரிக்கக் கரப்பான் 3 மில்லிமீட்டர் சந்துக்குள் ஒரு நொடிக்குள் நுழைந்துவிடுகிறது. தன் எடையைப் போல் 900 மடங்கு அமுக்கினாலும் காயமில்லை. நசுங்கிய நிலையில் பாதத்தைப் பயன்படுத்த முடியாமல் காலின் மேற்பகுதியாலேயே தரையை உந்தி ஓடுகிறது. நம் வீட்டு அடுக்களையில் செருப்போடு துரத்தியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் அளந்து எழுதியது இவர்கள்தான். 2016-இல் வெளியான அந்த ஆய்வோடு உள்ளங்கை அளவு ரோபோ ஒன்றும் வந்தது. மடிப்பு மூட்டுகளால் ஆன உடல், முதுகில் வழவழப்பான பிளாஸ்டிக் ஓடு. மேலிருந்து அமுக்கினால் கால்கள் பக்கவாட்டில் விரிந்து, உயரம் பாதியாகக் குறைந்து, அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த மாதிரி ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஒரு வரி தவறாமல் வரும்: நிலநடுக்க இடிபாடுகளில் சிக்கியவர்களைத் தேட உதவும். எனக்கு இந்த வரியில் அவ்வளவு நம்பிக்கையில்லை. இடிபாட்டுக்குள் நுழைவது பாதி வேலை. உள்ளே பார்த்ததைக் கான்கிரீட்டையும் கம்பியையும் தாண்டி வெளியே சொல்ல வேண்டும். ரேடியோ அலைக்கு அது மோசமான இடம். 16 கிராம் உடலில் எவ்வளவு பேட்டரி வைக்க முடியும்? சீக்கிரமே தீர்ந்துபோகும். எந்திரம் நன்றாகவே இருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் வேலைதான் பொருந்தவில்லை.

பொருத்தமான வேலையோடு வந்தது பஃபர் என்ற மடிப்பு ரோபோ. பெர்க்லியில் படித்த காலத்தில் ஓரிகாமி ரோபோக்களோடு விளையாடிய யாக்கோ கராஸ், நாசாவின் ஜே.பி.எல். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து அதே யோசனையைச் செவ்வாய்க்குத் திருப்பினார். அவர் செய்த முக்கியமான மாற்றம் அட்டைக்குப் பதில் எலெக்ட்ரானிக் சர்க்யூட் போர்டையே மடித்தது. உடல் தனி, மின்சுற்று தனி என்றில்லை. சர்க்யூட் போர்டே உடல். விறைப்பான போர்டுத் துண்டுகளை நோமெக்ஸ் என்ற துணி இணைத்தது, தீயணைப்பு வீரர்களின் உடைக்குப் பயன்படும் அதே துணி. இரண்டு பக்கமும் பல் வைத்த சக்கரங்கள், பின்னால் நிதானத்துக்கு ஒரு வால். சந்து வந்தால் சக்கரங்களை மடக்கி, உடலைத் தட்டையாக்கிப் புகுந்துவிடும்.

இதை எங்கெங்கோ ஓட்டிப் பார்த்தார்கள். மொஹாவி பாலைவனத்தில் ரெயின்போ பேசின் என்ற பாறைப் பள்ளத்தாக்கில் 45 டிகிரி சரிவு ஏறியது, பாறை விளிம்புகளுக்கு அடியில் ஊர்ந்தது. பனிச்சறுக்குத் தளத்தில் ஓடியது. அண்டார்டிகாவில் எரெபஸ் எரிமலை வரை போய்வந்தது. சமதரையில் ஒரு சார்ஜுக்கு 625 மீட்டர் போகும் என்று 2017-இல் ஜே.பி.எல். சொன்னது.

செவ்வாயில் இதற்கு என்ன வேலை என்று புரிய வேண்டுமென்றால் பெரிய ரோவர்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். ஸ்பிரிட் ரோவரின் வலது முன்சக்கர மோட்டார் 2006-இல் நின்றுபோனது. அப்புறம் நின்ற சக்கரத்தைத் தரையில் இழுத்துக்கொண்டே பின்பக்கமாக ஓட்டினார்கள். அப்படி இழுத்த தடத்தில்தான் 2007-இல் சிலிகா நிறைந்த வெள்ளை மண் வெளிப்பட்டது என்பது தனிக் கதை. பழுதே கண்டுபிடித்துக் கொடுத்த ஒன்று. 2009-இல் மேலே ஓடு போல இறுகி, அடியில் பொலபொலவென்று இருந்த மண்ணில் இறங்கி மாட்டிக்கொண்டது. மாதக்கணக்கில் முயன்றும் வெளியே எடுக்க முடியாமல் 2010 ஜனவரியில் இனி அது நகராது என்று அறிவித்தார்கள். அடுத்து வந்த கியூரியாசிட்டி 899 கிலோ. அதன் அலுமினியச் சக்கரத்தின் தோல் முக்கால் மில்லிமீட்டர்தான். 2013-லேயே கூரிய கற்கள் அதில் ஓட்டை போட ஆரம்பித்துவிட்டன. பாதையையே மாற்றி ஓட்ட வேண்டியதாயிற்று. சந்திரனில் நம் பிரக்யானும் 2023 ஆகஸ்டில் மூன்று மீட்டருக்கு முன்னால் நாலு மீட்டர் அகலப் பள்ளத்தைக் கண்டதும் வந்த வழியே திரும்பச் சொல்லப்பட்டது. சரியான முடிவு. ஒரே ஒரு வண்டிதான் இருக்கிறது என்றால் யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

பஃபர் இந்தக் கணக்கைத்தான் மாற்ற வந்தது. பெரிய ரோவரின் முதுகில் சீட்டுக்கட்டு போலச் சில பஃபர்களை அடுக்கி அனுப்பலாம். பாறைக்கு அடியில், குகை வாயில், சரிவில், ஆபத்தான எங்கே வேண்டுமானாலும் ஒன்றை விடலாம். திரும்பி வராவிட்டால் இன்னொன்று இருக்கிறது. தட்டையாக மடிவதால் சந்தில் நுழைய முடிகிறது என்பதைவிட, தட்டையாக மடிவதால் பல எண்ணிக்கையில் கொண்டுபோக முடிகிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்புறம் நடந்ததை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பஃபருக்குத் தானே யோசித்துப் போகும் மூளை வைக்க வேண்டும் என்று அடுத்த கட்டம் தொடங்கியது. மூளை என்றால் கேமராக்கள், கணினி, அதற்குத் தீனி போடப் பேட்டரி. இலக்கும் செவ்வாயிலிருந்து சந்திரனுக்கு மாறியது. ரோபோ செருப்புப் பெட்டி அளவுக்கு வளர்ந்தது. அந்த வேலையின் வாரிசாக இன்று நிற்பது கேட்ரே: கையில் எடுத்துப்போகும் சூட்கேஸ் அளவில் மூன்று சின்ன ரோவர்கள். சந்திரனின் ரைனர் காமா என்ற பகுதிக்கு அனுப்பத் திட்டம். மூன்றும் தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து, வேலையைப் பிரித்துக்கொண்டு, சேர்ந்து ஓடும். தரையை ஊடுருவும் ரேடாரால் அடியில் இருப்பதை வரைபடமாக்கும். சந்திரனின் பகல் வெப்பத்தில் கருவிகள் சூடேறிவிடும் என்பதால் அரைமணி வேலை, அரைமணி ஓய்வு என்று போகும். அருமையான திட்டம்தான். ஆனால் அவை நாலு சக்கரப் பெட்டிகள். பஃபரைப் போல உடல் தட்டையாக மடிவதில்லை.

ஓரிகாமியில் தொடங்கிய வேலை ஓரிகாமியை உதறிவிட்டது. இதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. "பலவற்றை அனுப்பு, ஒன்றை இழக்கத் தயாராக இரு" என்ற பாதி பிழைத்தது, மடிப்பு கழன்றது. ஏன் கழன்றது என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு உடனே தெரியும். தாளுக்கு எடை தாங்காது. பத்து கிராமைச் சுமக்கும்போது ராஜாவாக இருக்கும் மடிப்பு, கிலோக்கணக்கில் ஏற்றினால் முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டையும் தடிமனாக்கினால் மடிக்கவே முடியாது. தடித்த பலகைகள் ஒன்றையொன்று இடிக்கும். இன்னொரு உண்மையும் உண்டு: மூட்டில் பேரிங் இல்லை என்றாலும் மோட்டாருக்குள் இருக்கிறது. கியர் பல்லும் இருக்கிறது. ஒன்றே ஒன்று என்று குறைத்து, பெட்டிக்குள் மூடி வைக்க முடிகிறது, அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிய விஷயம் என்பது வேறு.

எடைப் பிரச்சினைக்கு விடை தேடியவர்கள் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள். கியூ-ஜின் சோ என்பவரின் குழு, வாட்டர்பாம் என்ற பழைய மடிப்பு வடிவத்தைச் சுற்றி வளைத்துச் சக்கரமாக்கியது. இரண்டு பக்கமும் அமுக்கினால் சக்கரம் விரியும், இழுத்தால் சுருங்கும். தாழ்வான சந்தில் சிறு சக்கரம், மேடு வந்தால் பெருஞ்சக்கரம். முதலில் கையடக்க ரோபோக்களில் செய்து பார்த்தார்கள். 2021-இல் ஹாங்கூக் டயர் நிறுவனத்தோடும் ஹார்வர்டோடும் சேர்ந்து 46 சென்டிமீட்டரிலிருந்து 80 சென்டிமீட்டர் வரை விரியும் சக்கரத்தை வெளியிட்டார்கள். அது தாங்கியது 10 கிலோ நியூட்டனுக்கு மேல், அதாவது சுமார் ஒரு டன். விறைப்பான பலகைகளை நேராக மடிப்பில் இணைக்காமல், நடுவே தாராளமாக இடம் விட்டு, வலுவான சவ்வால் இணைத்ததுதான் சூட்சுமம். என் பத்திரிகை அட்டையில் அகல இடைவெளி விட்டால் முறுக்கிக்கொண்டதல்லவா? அவர்கள் அந்த நெகிழ்வையே கணக்கில் எடுத்து, சுமை ஏறும்போது சவ்வு இழுபட்டு விறைக்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று சக ஊழியர்களிடம் விளக்கப் போய், கேண்டீன் மேஜையில் இருந்த டிஷ்யூ பேப்பரெல்லாம் காலி.

சின்னதாகவே இருந்துகொண்டு மேட்டைத் தாண்டுவது எப்படி என்பது எதிர்ப்பக்கக் கேள்வி. நமக்குச் சாதாரணப் படிக்கட்டாக இருப்பது 5 சென்டிமீட்டர் ரோபோவுக்கு மதில்சுவர். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜேமி பைக்கின் ஆய்வகம் 2019-இல் இதற்கு எறும்பிடம் போனது. பொறித்தாடை எறும்பு தன் தாடையைப் பட்டென்று மூடி, அந்த உதையில் எகிறிப் பாயும். அதைப் பார்த்துச் செய்த ட்ரைபாட் பத்து கிராம் எடை, மூன்று கால், முழுக்க மெல்லிய தாளடுக்கிலிருந்து மடித்தது. சூடேற்றினால் வடிவம் மாறும் உலோகக் கம்பிச் சுருள்தான் தசை, மோட்டாரே கிடையாது. ஆகவே நான் மேலே குறைப்பட்டுக்கொண்ட கடைசி பேரிங்கும் போய்விட்டது. சொரசொரப்பான தரையில் நடக்கும், வழவழப்பில் ஊரும், தடை வந்தால் குட்டிக்கரணம் போடும், உயரத் தாவும், நீளத் தாவும். தன் உயரத்தைப் போல் இருமடங்குக்கு மேல் குதிக்கிறது.

இவ்வளவு படித்தபின் எனக்கு ஒரு பந்தயம் தோன்றுகிறது. மடிப்பு ரோபோவுக்கு முதல் நிரந்தர வேலை கிடைக்கப்போவது செவ்வாயிலும் இல்லை, இடிபாட்டிலும் இல்லை, எந்திரங்களின் வயிற்றுக்குள்தான். 2018-இல் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம், ஹார்வர்ட், நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, விமான எஞ்சினுக்குள் பூச்சியளவு ரோபோக்களை விட்டு ஆராயும் யோசனையை வெளியிட்டது. அதே ஆண்டு ஹார்வர்ட் குழு செய்த ஹேமர்-இ, ஒன்றரை கிராம் எடையில், மின்புலத்தால் உலோகத்தில் ஒட்டிக்கொண்டு தலைகீழாக நடக்கிறது. எஞ்சினின் வளைந்த சுவரில் பாதம் சரியாகப் பதிய அதன் கணுக்கால்கள் எல்லாப் பக்கமும் திரும்ப வேண்டும். அதற்கும் மடிப்பு மூட்டுதான் வைத்திருக்கிறார்கள்.

அங்கே தரை கரடுமுரடுதான், ஆனால் அதன் வரைபடம் ஏற்கனவே எஞ்சின் செய்தவர்களிடம் இருக்கிறது. பேட்டரி தீரும் என்ற பயமில்லை. மெல்லிய கம்பி ஒன்றைப் பின்னால் இழுத்துக்கொண்டே போகலாம். ரேடியோ சிக்கலும் அதே கம்பியில் தீர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாகக் காசு இருக்கிறது. ஒரு எந்திரத்தைப் பிரித்து, பார்த்து, "ஒன்றுமில்லை" என்று திரும்பப் பூட்டுவதற்கு ஆகும் செலவு என்னவென்று பராமரிப்பில் வேலை பார்த்த எவரிடமும் கேட்டுப் பாருங்கள். கிரேன் கூப்பிட்டு நூறு அடி, இருநூறு அடி என்று குழாயைக் கழற்றிக்கொண்டிருக்கும் எங்களிடமும்தான்.